பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யார் வீடு?

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து அம்பாறைக் கரையைச் சிதைத்தது. இலங்கையில் மிகக் கூடிய உயிர்ச்சேதம் கண்ட மாவட்டம் இதுவே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழிவின் நடுவே கல்முனை வைத்தியசாலைக்குக் கைக்குழந்தை ஒன்று கொண்டுவரப்பட்டது. அனுமதிக்கப்பெற்றோர் வரிசையில் எண்பத்தோராவதாக வந்தமையால் அவ்வெண்ணே அதற்குப் பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் அதற்கு உரிமை கோருகின்றனர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தின் முன் முறைப்படி வந்து நின்றோர் ஒரே தம்பதியர்தாம். 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை அவர்களே பெற்றோர் என்பதை உறுதிசெய்தது. எனினும் ஒன்பது தாய்மாரின் கதையையே உலகம் விரும்பி நம்பியது. கைக்குழந்தையை எல்லோரும் வேண்டுவர் என்பது எவர்க்கும் நம்பத்தக்க செய்தியன்றோ!

அதே அலையில் தாயைப் பறிகொடுத்த பதினான்கு, பதினைந்து வயதினரைப் பற்றி இத்தகைய கதையேதும் எழவில்லை. எழுந்திருப்பினும் எவரும் நம்பியிருக்க மாட்டார். அந்த வயதினன் அழுவதில்லை, கல்லெறிகின்றான். அணைக்க நீட்டிய கையைத் தட்டிவிடுகின்றான். இரவில் வீடு திரும்புவதில்லை. அந்த வயதினள் வாய் திறப்பதில்லை. திறந்தால் வீட்டார் காதைப் பொத்திக்கொள்ளும்படி பேசுகின்றாள். சில வேளை தன் கையைத் தானே கீறிக்கொள்கின்றாள். இத்தகைய பிள்ளைகளைச் சமுதாயம் எங்கே வைக்கின்றது, எங்கே வைக்க வேண்டும் என்பதே நாம் இங்கு ஆராயும் பொருள். கடல் கொண்ட பிள்ளைகளைப் பற்றிய வினாவாக மட்டும் இது நின்றுவிடவில்லை. யுத்தத்தில் தந்தையை இழந்தோர், தாய் மத்திய கிழக்கிலே வீட்டு வேலைக்குப் போனபின் உம்மம்மாவிடம் விடப்பட்டோர், வாப்பா மறுமணம் செய்து வேறு வீடு புகுந்ததால் தனித்துப் போனோர் என இன்றும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று வகுப்பறைகளில் அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். அல்லது அமர்ந்திருக்க வேண்டிய வாங்குகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

முதலில் சொற்களை நோக்குவோம். தந்தையற்ற சிறு பிள்ளையை நாம் யதீம் என்கின்றோம். அச்சொல்லைக் கேட்டதும் உள்ளம் நெகிழ்கின்றது. பெருநாள் வந்தால் உடுப்பு வருகின்றது. நோன்பு மாதத்தில் உணவு வருகின்றது. மார்க்கச் சட்டப்படி, பருவமடைந்ததும் யதீம் என்ற நிலை நீங்கிவிடும். அதன்பின் அப்பிள்ளைக்கு எம்மவர் வழங்கும் பெயர் வேறு. முதலிற் குழப்படிக்காரன், ஈராண்டு சென்றால் காவாலி. சொல் மாறிய அன்றே கடமையும் தீர்ந்ததாகக் கருதிவிடுகின்றோம்.

இது மார்க்கத்தின் குறையா? அன்று. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், அநாதைகள் உரிய வயதை எட்டியபின்னும் அவர்களிடம் நல்லறிவு தோன்றிவிட்டதா என்பதைச் சோதித்தறிந்தே அவர்தம் சொத்தைக் கையளிக்குமாறு பணிக்கின்றது. பாதுகாவலரின் பொறுப்பு வயதோடு முடிவதில்லை. விவேகம் தோன்றும்வரை தொடர்கின்றது என்பதே அதன் கருத்து. முப்பத்துமூன்றாம் அத்தியாயம், வளர்க்கும் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையர் பெயராலேயே அழைக்கச் சொல்கின்றது. பிறன் பிள்ளையை ஏற்றுப் பேணலாம். ஆனால் அவனுடைய வேரை மறைத்தலாகாது. கபாலா எனப்படும் இம்முறையை, 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சாசனத்தின் இருபதாம் உறுப்புரை வளர்ப்பு இல்லம், மகவேற்பு ஆகியவற்றோடு ஒருசேரப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றது. அச்சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றது. ஆகவே பிறர் வீட்டிற் பிள்ளை வளர்வது எமக்குப் புறம்பான கருத்து என்று எவரும் கூற முடியாது. பிறப்பதற்கு முன்னரே தந்தையை இழந்து, பின் தாயையும் பாட்டனையும் இழந்து, தந்தையின் உடன்பிறந்தார் இல்லத்தில் இளமைப் பருவத்தைக் கழித்தவர் நபிகள் நாயகம் என்பதை எமது பிள்ளைகள் முதலாந் தரத்திலேயே படிக்கின்றனர்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை 'தகுதியான ஆள்' ஒருவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. அவர் உறவினராயினுமாம், அல்லாதவராயினுமாம். அதே சட்டமே தடுப்பு இல்லங்களுக்கும் சான்றுபெற்ற பாடசாலைகளுக்கும் இடம் வகுத்தது. இரு வாசல்களுள் எது பெருவழியாயிற்று என்பதை யாவரும் அறிவர். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டவரையே மகவேற்கத்தக்க பிள்ளை எனக் கொண்டது. கடற்கோளின் பின் இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டு 16ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம், வளர்ப்புப் பராமரிப்புக்கு விரிவான விதிகளைத் தந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குப் பெரும் பொறுப்பையும் தந்தது. நல்ல சட்டமே. ஆனால் அஃது ஓர் அலைக்கென எழுந்த சட்டம். வறுமை என்னும் அலை நாள்தோறும் வீடு புகுகின்றதே, அதனால் அடிபட்ட பிள்ளை அச்சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றது. மாற்றுப் பராமரிப்புப் பற்றிய தேசியக் கொள்கை 2019இல் உருவாகியது. நிறுவனத்தில் வைப்பது இறுதி வழியாதல் வேண்டும் என்பது அதன் நெறி. நெறி உண்டு; நெறியை நடத்தும் வீடுகள் எங்கே?

ஒரு சொல்லாட்சியே எமது நிலைமையைக் காட்டிவிடும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் 'செவன சரண' திட்டத்தில் வளர்ப்புப் பெற்றோர் என்ற பெயர் வழங்குகின்றது. அங்கே வளர்ப்புப் பெற்றோர் எனப்படுவோர், வறிய பிள்ளைக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவோர். அவ்வுதவி பயனுடையது, அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் பிள்ளையை ஒருநாளேனும் தம் வீட்டிற் காணாதவர்க்கு அப்பெயரைச் சூட்டிவிட்டோமெனின், நள்ளிரவில் கதவு திறந்துவைத்துக் காத்திருப்பவர்க்கு எப்பெயரைச் சூட்டுவது?

எமது எழுத்தும் இக்குறைக்கு விலக்கன்று. வளர்ப்புப் பிள்ளை தோன்றும் கதைகளை வாசகர் நினைத்துப் பார்க்கட்டும். பிள்ளை நன்றியுடையதாயின் முடிவில் வளர்த்தவர்க்குத் தண்ணீர் வார்க்கும். நன்றியற்றதாயின் முடிவிற் கெட்டழியும். இரண்டுக்கும் நடுவே, வளர்த்தவளின் நகையைத் திருடிவிட்டு அதே இரவு காய்ச்சலில் அவளை உம்மா என்று அழைக்கும் பிள்ளையை எமது சிறுகதை இன்னும் போதிய அளவு கண்டறியவில்லை. நன்றியைக் கூலியாகக் கேட்கும் அன்பு, அன்பாகாது. அது கடன். யதார்த்த இலக்கியம் என்று நாம் பெருமை பேசுவது, இக்கடன் கணக்கைக் கிழித்தெறியும் துணிவைப் பெற வேண்டும்.

இக்கரையின் குடும்ப அமைப்பை அறியாமல் மேலே பேசுவது பயனற்றது. இங்கே தாய்வழிக் குடி முறை நிலவுகின்றது. வீடு மகளுக்குரியது, மாப்பிள்ளை மனைவியின் வீட்டிற்கு வருகின்றான். பெண்ணுக்குக் கூரை கொடுக்கும் சிறந்த வழக்கம் இது. இதே வழக்கத்தின் மறுபக்கம் யாது? ஆண்பிள்ளை பிறந்த வீட்டில் ஒருவகை விருந்தாளி. தாய் இறந்து, தந்தை மறுமணம் செய்து வேறு குடியின் வீட்டிற்குப் போய்விட்டால், மகன் தங்குமிடம் உம்மம்மாவின் விறாந்தை அல்லது சாச்சியின் வீடு. சாச்சிக்கும் பெண்மக்கள் உண்டு. மீசை அரும்பிய பையன் அவர்களுக்கு மஹ்ரமல்லாதவன். மணமுடிக்கத் தடையற்ற உறவாதலால் ஒரே கூரையின் கீழ் அவனை வைத்திருக்க வீட்டார் தயங்குகின்றனர். சிறுவனாயிருந்தபோது பாய் விரித்த அதே வீடு, அவன் வளர்ந்ததும் கதவைச் சாத்துகின்றது. கொடுமையினாற் சாத்துவதன்று, அச்சத்தினாற் சாத்துகின்றது. பையனுக்கோ சாத்திய கதவு மட்டுமே தெரிகின்றது. அதன்பின் அவனைக் கரைவலை வாடியிலும் சந்திக் கடையிலும் காண்கின்றோம். ஐஸ் என்னும் போதைப்பொருள் விற்போன் அவனை எம்மிலும் முந்திக் கண்டுகொள்கின்றான்.

இந்நிலையிற் பெரியோர் காட்டும் தீர்வு ஒன்றே: இல்லத்திற் சேர்த்துவிடுங்கள். கடற்கோளுக்குப் பின் இலங்கையெங்கும் சிறுவர் இல்லங்கள் பெருகின. அவற்றில் வாழ்வோருட் பெரும்பான்மையோருக்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் உயிரோடு இருக்கின்றனர் என்பதும், வறுமையே அவர்களை அங்கு கொண்டுவந்தது என்பதும் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டிய உண்மைகள். இல்லங்களில் உழைக்கும் நல்லுள்ளங்களை நாம் மதிக்கின்றோம். ஆயினும், மனக்காயம் பட்டுக் குழப்படி செய்யும் முப்பது பையன்களை ஒரே மண்டபத்திற் படுக்கவைத்தால், இரவு முழுவதும் அவர்களுக்கு ஆசிரியர் யார்? அவர்களே. 1999இல் டிஷன், மெக்கோர்ட், பூலின் என்னும் மூன்று ஆய்வாளர், தவறிழைக்கும் இளையோரை ஒன்றுதிரட்டித் திருத்த முயலும் சில முயற்சிகள் அவர்தம் தவற்றையே வளர்த்துவிடுகின்றன எனக் காட்டினர்.

இங்கு எமது வாசகர் ஒருவர் கை உயர்த்தி, மக்கரென்கோவை மறந்துவிட்டீர்களா என்று வினவக்கூடும். நல்ல வினா. உள்நாட்டுப் போரினால் வீடிழந்து திருடித் திரிந்த சோவியத் சிறுவரை 1920இல் பொல்தாவா அருகே ஒரு குடியிருப்பிற் சேர்த்தார் அந்தோன் மக்கரென்கோ. பின்னர் அவர் நடத்திய கம்யூனில் அத்தகைய இளையோர் நுட்பமான புகைப்படக் கருவிகளைச் செய்து நாட்டுக்கு அளித்தனர். கூட்டு வாழ்க்கை பிள்ளையைத் திருத்தும் என்பதற்கு முற்போக்காளர் என்றும் காட்டும் சான்று அது. ஆனால் அங்கே திருத்தியது எது? வெறுங் கூட்டமன்று. உண்மையான உழைப்பு, உழைப்பின் பயனில் பங்கு, சிறுவர்க்கே அளிக்கப்பட்ட பொறுப்பு, அவர்களை ஒருநாளும் கைவிடாத ஒரு பெரியவர்: இந்நான்கும் அங்கே இருந்தன. இந்நான்கையும் அகற்றிவிட்டு மதிலை மட்டும் வைத்துக்கொண்டு மக்கரென்கோவின் பெயரைச் சொல்லுதல் அவருக்குச் செய்யும் அநீதியாகும்.

அவ்வாறாயின், வீடொன்று கிடைத்தாற் போதுமா? போதாது என்பதற்கும் எமது மாகாணமே சான்று. 2004 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கிழக்குப் பிரிவு பிளவுற்றுக் கலைந்தபோது, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத் தமிழ்க் கிராமங்களுக்கு நூற்றுக்கணக்கான சிறார் போராளிகள் திரும்பினர். அவர்களுக்கு வீடு இருந்தது, தாய் இருந்தாள், அன்பும் இருந்தது. துப்பாக்கி ஏந்திய பிள்ளையின் இரவுக் கனவையும் திடீர்ச் சினத்தையும் எவ்வாறு கையாள்வது என்று அத்தாய்க்குக் கற்பிக்க எவருமில்லை. மீண்டும் பிடித்துச் செல்ல வந்தோரைத் தடுக்கவும் எவருமில்லை. பலர் மீண்டும் கொண்டு செல்லப்பட்டனர். துணையற்ற வீடு, காற்றில் எரியும் குப்பிவிளக்கு.

மதிலும் போதாது, தனித்த வீடும் போதாது என்றால் மூன்றாவது வழி உண்டா? உண்டு. சிகிச்சை சார்ந்த வளர்ப்பு இல்லம் என்று அதனைக் கூறலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பட்ரீசியா சேம்பர்லின் என்பாரும் அவருடைய தோழரும் 1983இல் இதனைத் தொடங்கினர். அதன் இயக்கம் எளிமையானது. ஒரு வீட்டிற்கு ஒரு பிள்ளை. அவ்வீட்டார் முன்னரே பயிற்சி பெறுகின்றனர்; செய்யும் பணிக்கு ஊதியமும் பெறுகின்றனர். நாள்தோறும் அலுவலர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இன்று பிள்ளை என்ன செய்தான், எது உங்களைக் களைக்கச் செய்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்கின்றார். வாரந்தோறும் வளர்ப்போர் ஒன்றுகூடிப் பேசுகின்றனர். ஏறத்தாழப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மேற்பார்வையாளர். நள்ளிரவில் அழைத்தாலும் அவர் மறுமொழி தருவார். பிள்ளைக்கு ஓர் ஆலோசகர் வேறு. பிள்ளையைப் பெற்ற குடும்பத்துக்கு ஆலோசகர் வேறு. ஆறு முதல் ஒன்பது மாதங்களில், திருந்திய பிள்ளையைத் திருந்திய வீட்டிற்குத் திருப்பி அனுப்புவதே நோக்கம்.

1998இல் வெளியான ஆய்வொன்றில், பன்னிரண்டு முதல் பதினேழு வயதுடைய 79 பையன்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் கூட்டு இல்லங்களுக்கும் மறு பிரிவினர் இத்தகைய வீடுகளுக்கும் சென்றனர். வீடுகளுக்குச் சென்றோரின் பிற்காலக் குற்றங்கள் மற்றவருடையவற்றில் ஏறத்தாழப் பாதியளவே. காரணத்தை ஆராய்ந்தபோது நான்கு வெளிப்பட்டன: கண்காணிப்பு, முரணற்ற நீதியான கண்டிப்பு, பெரியவர் ஒருவரோடு நல்லுறவு, தீய கூட்டுறவின் குறைவு. இவற்றை மக்கரென்கோவின் நான்கோடு வைத்து எண்ணிப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். முதலாளித்துவ நாட்டு வீட்டிலும் சோசலிச நாட்டுக் கம்யூனிலும் பிள்ளையைத் திருத்தியது ஒன்றே: ஒழுங்குபடுத்தப்பட்ட, ஓயாத, பொறுப்புக் கூறும் பெரியவரின் கவனம்.

இம்முறையை விமரிசனமின்றி ஏற்குமாறு நாம் கூறவில்லை. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2014இல் வெளிவந்த மதிப்பீடு, பொதுவாக நோக்குமிடத்து இது வழக்கமான பராமரிப்பிலும் மேம்பட்டதெனக் காட்டவில்லை. சமூக விரோத நடத்தை மிகுந்த பிள்ளைகளிடம் மட்டுமே பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே யாவர்க்கும் ஒரே மருந்தன்று. நன்னடத்தைக்குப் புள்ளியும் தவற்றுக்குப் புள்ளிக் குறைப்பும் என்னும் அதன் கணக்கு, சந்தையின் மணத்தை வீட்டிற்குள் கொண்டுவருகின்றது என்னும் கண்டனமும் சிந்திக்கத்தக்கதே. இதனினும் பெரிய கண்டனம் ஒன்றுண்டு. பிள்ளையைத் தெருவுக்குத் தள்ளியது வறுமை. தாயைக் கடல் கடக்கச் செய்தது வறுமை. அவ்வறுமையை விட்டுவிட்டுப் பிள்ளையின் நடத்தையை மட்டும் திருத்துவது முறையா? இதற்கு எமது விடை: வறுமையை ஒழிக்கும் போராட்டம் நீண்டது, பதினைந்து வயதோ ஓராண்டில் முடிந்துவிடும். சமுதாயம் மாறும்வரை பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை.

கல்முனைக் கரையில் இது எவ்வடிவம் பெறலாம்? ஒரிகனை அப்படியே பெயர்த்து நடுதல் பேதைமை. எமக்குரிய விதை எம்மிடமே உண்டு. கடற்கோளில் அநாதையானோருட் பெரும்பாலோரை ஏற்றவர் அமைச்சரல்லர்; உறவினரே. ஆகவே உறவினர் வீடே தொடக்கமாதல் வேண்டும். பையனுக்கு உம்மம்மாவும் சாச்சியும் பெரியும்மாவும் மஹ்ரம் உறவினர். அவர்களுள் பெண்மக்களை மணமுடித்துத் தனி வீடு கொடுத்துவிட்ட மூத்த தம்பதியரைத் தெரிந்தெடுக்கலாம். பெண்பிள்ளைக்கு, வளர்ந்த ஆண்பிள்ளைகளற்ற தாய்வழி உறவினர் வீடு. உறவினர் அமையாவிடத்து, தெருவுக்குத் திறக்கும் தனியறையுள்ள வீடு. மார்க்கத்தின் வரம்பு தடைக்கல்லாகத் தோன்றுவது, வீட்டைத் தெரிவு செய்யும் அளவுகோலாக மாறிவிடும். குடிகளின் சார்பில் மரைக்காயர் அமர்ந்து ஊர்க்காரியம் நடத்திய பள்ளிவாசல் மரபு எமக்குண்டு. எந்தக் குடியில் எந்த வீடு இதற்குத் தகும் என்பதை அம்மரபு அறியும். எனினும் இறுதித் தெரிவும் மேற்பார்வையும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் நீதிமன்றத்திடமும் இருத்தல் வேண்டும். உறவு என்ற ஒரே காரணத்தால் எந்த வீடும் பாதுகாப்பானதாகிவிடாது. பிள்ளையைத் தனியே அழைத்து மாதந்தோறும் கேட்கும் ஒருவர் இல்லாவிடின், சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பதை ஊர் அறியாது. பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளைக்கும் இத்தகைய வீடு அவனுடைய சொந்தச் சூழலில் அமைய வேண்டும். கடல் இரு சமூகத்தாரையும் பிரித்து அழிக்கவில்லை.

முடிவாக, ஊதியம் பற்றி. இங்கேதான் எமது நல்லோர் முகம் சுளிக்கின்றனர். பிள்ளை வளர்க்கக் காசா என்று கேட்கின்றனர். இதே நல்லோர் கட்டடத்திற்கு இலட்சக்கணக்கில் வழங்குகின்றனர். கட்டடத்திற்குப் பெயர்ப்பலகை உண்டு. திறப்பு விழா உண்டு. ஒரு பிள்ளைக்காக ஒன்பது மாதம் உறக்கம் இழந்த சாச்சிக்குப் பெயர்ப்பலகை யார் வைப்பார்? பெண்ணின் உழைப்பு அன்பு என்ற பெயரால் இலவசமாகக் கொள்ளப்படுவதை முற்போக்காளர் தொழிற்சாலையிலும் வயலிலும் எதிர்த்தனர். அடுப்படியிலும் எதிர்த்தல் வேண்டும். ஊதியம் அன்பைக் கெடுக்கும் என்பது ஊதியம் கொடுக்க விரும்பாதவர் கண்டுபிடித்த அறநெறி. ஆசிரியர் ஊதியம் பெறுவதால் மாணவரை நேசிப்பது குறைந்துவிடுகின்றதா?

எமது வாசகருட் பலர் ஆசிரியர். பலர் ஆசிரியராகப் போகும் மாணவர். ஆகவே செய்யக்கூடியதைச் சொல்லி முடிப்போம். ஒன்பதாந் தரத்துப் பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் எழுதப்படுமுன், அப்பிள்ளை நேற்றிரவு எவ்வீட்டிற் படுத்தது என்ற வினாவைப் பாடசாலை கேட்டாதல் வேண்டும். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அவ்விடையைக் கொண்டு செல்லுதல் வேண்டும். நன்னடத்தைச் சேவை மாகாண சபைக்குரிய பொருளாதலால், பயிற்சியும் ஊதியமும் மேற்பார்வையும் உடைய பத்து வீடுகளைக் கல்முனைக் கரையில் சோதனையாகத் தொடங்குமாறு கிழக்கு மாகாண நிருவாகத்தைக் கேட்டு, ஆசிரியர் சங்கங்களும் பள்ளிவாசல் சபைகளும் கோயில் சபைகளும் ஒன்றுசேர்ந்து எழுதுதல் வேண்டும். பத்து வீடு என்பது பெரிய எண்ணன்று. பத்து வீட்டின் கணக்கை மக்கள் முன் வெளிப்படையாக வைத்தால், பதினொன்றாவது வீடு தானே கதவு திறக்கும். கதவு திறக்கும் அந்த வீட்டாரைத் தனியே விட்டுவிடாதிருப்பதே எஞ்சியோரின் கடமை.